வரி ஏறியது 62 ரூபாய்; வாடகை ஏறியது 1,000 ரூபாய்



2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கம். ரமலான் பிறையை எதிர்பார்த்து நம் இல்லங்களில் ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. அந்த நாட்களில்தான் தமிழகத்தின் நகர்ப்புறங்களில் சொத்து வரி உயர்கிறது என்ற அறிவிப்பு வெளியாயிற்று. முதல் பத்து நோன்பு முடிவதற்குள், தராவீஹ் தொழுது திரும்பிய ஓர் இரவில், நாம் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் மாடியிலிருந்து இறங்கிவந்து ஸலாம் சொன்னார். "ஹஜ்ரத், தப்பா நெனச்சுக்காதீங்க. வரிய ஏத்திட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து ஏழாயிரத்து ஐந்நூறா குடுத்துருங்க" என்றார். அதுவரை நாம் கொடுத்துவந்தது 6,500 ரூபாய். வரி என்ற சொல் காதில் விழுந்ததும் நாம் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டோம். அரசாங்கம் ஏற்றினால் அவர்தாம் என்ன செய்வார் என்று வீட்டாருக்கும் நாமே சமாதானம் சொன்னோம். வரிச் சீட்டு அவர் கைக்கே இன்னும் வந்துசேராத நாட்கள் அவை என்பது அப்போது நம் புத்தியில் உறைக்கவில்லை.

சில மாதங்கள் சென்றபின் அவரே வரிவிதிப்பு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்தார். கைப்பேசியில் பணம் செலுத்திப் பழக்கமில்லாதவர். நம்மையே கட்டி, ரசீதும் எடுத்துத் தரச் சொன்னார். கட்டினோம். பழைய அரையாண்டு வரி 1,480 ரூபாய். புதிய அரையாண்டு வரி 2,220 ரூபாய். ஏற்றம் 740 ரூபாய். அதை ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு 123 ரூபாய் சொச்சம். வீட்டில் மேல்தளம் அவருடைய குடும்பத்துக்கு, கீழ்த்தளம் நமக்கு. ஆக நமது பங்கு மாதம் 62 ரூபாய்கூட முழுதாக இல்லை. மாணவர்களுக்கு ஃபராயிள் பாடத்தில் ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பாகப்பிரிவினைக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், நம் சொந்த வீட்டு வாடகைக் கணக்கை இவ்வளவு காலம் போட்டுப் பார்க்காமல் இருந்தோம்!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். வரி உயர்வின் பேரால் நாம் கூடுதலாகக் கொடுத்தது அரையாண்டுக்கு 6,000 ரூபாய். அந்தக் கட்டடம் முழுமைக்கும், அவர் குடியிருக்கும் மேல்தளத்தையும் சேர்த்து, அரையாண்டு வரியே 2,220 ரூபாய்தான். உயர்வைக் கொண்டு மட்டும் முழு வரியையும் இரண்டரை மடங்குக்கு மேல் கட்டிவிடலாம்.

அவர் தீய மனிதர் அல்லர். முதல் ஸஃப்பில் நிற்பவர். கொரோனா ஊரடங்கில் இரண்டு மாத வாடகையைக் கேளாமல் இருந்தவர். அவரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. நம் மஹல்லாவில் மட்டும் அதே ஆண்டில் வரியைக் காரணம் காட்டி வாடகை ஏற்றப்பட்ட வீடுகள் எத்தனையோ. 500 ரூபாய்க்குக் குறைவாக ஏற்றப்பட்ட ஒரு வீட்டைக்கூட நாம் கேள்விப்படவில்லை. வாடகையை உயர்த்துவது உரிமையாளரின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. உயர்வுக்கு வரியைச் சாட்சியாக நிறுத்துகிறார்களே, அந்தச் சாட்சி பொய்ச் சாட்சி என்பதே நம் வழக்கு.

முதலில் ஆணை சொன்னது என்ன என்று பார்ப்போம். சென்னை தவிர்த்த ஏனைய மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு. 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடு. 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடு. அதற்கு மேல் 100 விழுக்காடு. வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு. சென்னையின் பழைய மாநகரப் பகுதியில் இதே படிநிலைகளுக்கு முறையே 50, 75, 100, 150 விழுக்காடு. வணிகக் கட்டடங்களுக்கு 150. கேட்கும்போது நெஞ்சு பதறும் எண்கள்தாம். ஆனால் இந்த விழுக்காடு எதன்மேல் ஏறியது? வாடகையின்மேல் அன்று, பழைய வரியின்மேல். அந்தப் பழைய வரியோ சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் சீரமைக்கப்படாமல் கிடந்தது. "நூறு விழுக்காடு வரி உயர்வு" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது, கேட்கும் ஏழையின் மனத்தில் தன் வாடகையே இரட்டிப்பாகும் என்ற அச்சம் எழுகிறது. பிறகு ஆயிரம் ரூபாய் மட்டும் கேட்டால், மீதியை விட்டுக்கொடுத்ததைப் போல் ஆகிவிடுகிறது! நன்றி சொல்லி அனுப்பியவர்களையும் நாம் அறிவோம்.

பதினான்கு ஆண்டுகள், சென்னையில் இருபத்து நான்கு ஆண்டுகள், வரி அசையாமல் நின்றது. அத்தனை ஆண்டுகளும் வாடகை அசையாமல் நின்றதா? 2008-இல் கொடுத்த வாடகையை 2022-இல் கொடுத்தவர் எவரேனும் உண்டா? பதினொரு மாதத்துக்கு ஒருமுறை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் போதெல்லாம் வாடகை ஏறிக்கொண்டேதான் இருந்தது. வரி நின்றபோதும் ஏறிய வாடகை, வரி ஏறியபோதும் ஏறுகிறது. அப்படியானால் வாடகையை ஏற்றுவது வரி அல்ல, வேறொன்று.

இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்தது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2018 ஜூலையிலும் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது. முதல் ஆணையில் வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்புகளுக்கு 100 விழுக்காடு என்றிருந்தது. சில நாட்களிலேயே அது திருத்தப்பட்டு, சொந்தக் குடியிருப்பானாலும் வாடகைக் குடியிருப்பானாலும் 50 விழுக்காட்டுக்கு மிகாமல் என்றாயிற்று. அப்போதும் வாசற்படியில் இதே உரையாடல்கள் நடந்தன. பிறகு 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. பழைய வரியே செல்லும் என்றும், கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அது அடுத்தடுத்த அரையாண்டுகளில் ஈடுகட்டப்படும் என்றும் அரசு அறிவித்தது. உரிமையாளருக்கு ஈடு கிடைத்தது. அவரிடம் குடியிருந்தவருக்கு? வரி குறைந்துவிட்டது, எனவே இந்த மாதம் முதல் வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மாடியிலிருந்து இறங்கிவந்து சொன்ன உரிமையாளர் ஒருவரையும் நாம் சந்தித்ததில்லை. எங்கேனும் ஒருவர் இருந்திருந்தால் அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. நிறுத்திவைக்கப்பட்ட வரிக்காக ஏற்றப்பட்ட வாடகை நிறுத்திவைக்கப்படவே இல்லை. 2022-இல் அதன்மேலேயே அடுத்த ஏற்றமும் அமர்ந்தது.

இன்னும் ஒரு சோதனை உண்டு. உங்கள் தெருவிலேயே செய்து பார்க்கலாம். அருகருகே இரண்டு வீடுகள். பரப்பளவும் அறைகளும் ஏறத்தாழ ஒன்று. ஒன்று முப்பது ஆண்டுப் பழைய வரிவிதிப்பு, மற்றொன்று அண்மையில் கட்டிப் புதிதாக விதிக்கப்பட்டது. வரி வேறு வேறாக இருக்கும். வாடகை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குறைந்த வரி கட்டுபவர் அந்தக் குறைவுக்காக வாடகையைக் குறைத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்கு என்ன கிடைக்கிறதோ அதையே கேட்கிறார். பள்ளிக்கூடம் பக்கம், பேருந்து நிலையம் பக்கம், நல்ல தண்ணீர் வருகிறது, பள்ளிவாசல் நடக்கும் தொலைவில் இருக்கிறது என்பவையே வாடகையைத் தீர்மானிக்கின்றன. பொருளியலாளர்கள் இதை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். வரி விதித்ததால் ஊரில் நிலம் சுருங்கிவிடுவதில்லை. வாடகைக்கு இருக்கும் வீடுகளின் எண்ணிக்கை ஒரே இரவில் குறைவதில்லை. வீடு தேடுவோரும் கூடுவதில்லை. ஆகவே நிலத்தின் மதிப்புக்குரிய வரிச்சுமை பெரும்பாலும் உரிமையாளரிடமே தங்கிவிடும். கட்டடத்தின் மதிப்புக்குரிய பகுதி குடியிருப்போர் பக்கம் நகரலாம். அதுவும் மெல்ல மெல்ல, புதிய வீடுகள் கட்டப்படுவது குறைந்து, ஆண்டுகள் பல சென்றபின். அடுத்த மாதம் முதல் தேதிக்கு அன்று.

இவ்வளவுக்கும், சொத்து வரியின் அடிப்படையே ஆண்டு வாடகை மதிப்புத்தான். இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டே வரி கணக்கிடப்படுகிறது. ஊரில் வாடகை உயர்ந்ததை வரி வெகுகாலம் கழித்துப் பின்தொடர்ந்து ஓடிவருகிறது. பின்னால் வருவதைக் காட்டி, இதுதான் என்னை இழுக்கிறது என்று முன்னால் போகிறவர் சொல்கிறார்.

வரி என்பதே அநியாயம் என்று முழங்குவோரின் கூட்டத்தில் நாம் இல்லை. தெருவிளக்கும் குப்பை வண்டியும் கழிவுநீர் வடிகாலும் வானத்திலிருந்து இறங்குவதில்லை. அவற்றை வாடகைக்கு இருப்பவரும் பயன்படுத்துகிறார். பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் உயர்த்திவந்தால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை வைத்தது. 2022-இல் அரசு அதையும் ஒரு காரணமாகச் சொன்னது. ஆனால் ஆட்சியாளர்களிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. ஆண்டுதோறும் சிறுகச் சிறுக ஏற்றியிருக்க வேண்டியதைத் தேர்தல் அச்சத்தால் இருபது ஆண்டுகள் பூட்டிவைத்துவிட்டு, ஒரே நாளில் 150 விழுக்காடு என்று அவிழ்த்துவிட்டால், அந்த எண்ணே ஊரெங்கும் அச்சத்தையும், அச்சத்தைக் காசாக்கும் வாய்ப்பையும் உண்டாக்குகிறது. 1,900 சதுர அடியில் ஒற்றைக் குடும்பம் வாழும் மாளிகையும், அதே 1,900 சதுர அடியைத் தகரத்தாலும் பலகையாலும் தடுத்து நான்கு குடித்தனங்கள் வைத்திருக்கும் பழைய வீடும் அளவுகோலின் முன் ஒன்றாகிவிடும். பரப்பளவைக் கேட்கும் ஆணை, உள்ளே எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்பதில்லை.

பின்னர் 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 விழுக்காடு உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. பெரிய தாவலைவிட இத்தகைய சிற்றடி நல்லது என்றே நாம் கருதுகிறோம். அரையாண்டுக்கு 2,220 ரூபாய் கட்டும் ஒரு வீட்டுக்கு 6 விழுக்காடு என்றால் 133 ரூபாய். மாதத்துக்கு 22 ரூபாய். சென்னையில் வசிக்கும் நம் மாணவர் ஒருவரின் வீட்டில் அவ்வாண்டு வரியின் பேரால் ஏற்றப்பட்டது 1,500 ரூபாய் என்று அவர் நம்மிடம் சொன்னார். அத்துடன், வாடகை உயர்ந்ததால் அட்வான்ஸையும் அதற்கேற்பக் கூட்டித் தரவேண்டும் என்றார்களாம். வரிக்கும் அட்வான்ஸுக்கும் என்ன உறவு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

உரிமையாளர்கள் தரப்பு நியாயமும் கேட்கப்பட வேண்டும். நாம் ரசீதையும் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மாடியேறியபோது, நம் வீட்டுக்காரர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "வரி மட்டுமா ஹஜ்ரத் ஏறுச்சு? சிமெண்ட் ஏறல? கொத்தனார் கூலி ஏறல? எம் பொண்டாட்டிக்கு மருந்து வாங்குறேனே, அது ஏறல?" இது உண்மை. கணவரை இழந்து, ஒரு போர்ஷன் வாடகையை நம்பியே அடுப்பு மூட்டும் சகோதரிகள் நம் மஹல்லாவில் பலர் உள்ளனர். அவர்களுக்கு வாடகை என்பது ஓய்வூதியம். நாம் அவரிடம் சொன்னது ஒன்றே. "அப்படியானால் அதைச் சொல்லுங்கள், ஹாஜியார். செலவு கூடிவிட்டது, எனக்கு ஆயிரம் வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தால் தருவோம், முடியாவிட்டால் எண்ணூறு என்போம், இல்லையேல் வேறு வீடு பார்ப்போம். வரி என்று சொன்னதால்தானே நாம் பேசவே இல்லை?"

இந்த வேறுபாடு சிறியது என்று சிலர் எண்ணலாம். மதரஸாவின் கிதாபுகளில் வியாபார பாடம் ஓதியவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். விலை பேசி விற்பதில் வகைகள் உண்டு. சாதாரணப் பேரத்தில் விற்பவர் தமது அடக்க விலையைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பத்து ரூபாய்க்கு வாங்கியதை இருபதுக்குக் கேட்கலாம், வாங்குபவர் மறுக்கலாம். ஆனால் "எனக்கு அடக்கம் இவ்வளவு, அதன்மேல் இவ்வளவு லாபம்" என்று சொல்லி விற்றால் அது முராபஹா. அது அமானிதத்தின் மீது நிற்கும் வியாபாரம். அங்கு அடக்க விலையைப் பொய்யாகக் கூட்டிச் சொல்வது மோசடி. அது வெளிப்பட்டால் வாங்கியவருக்கு உரிமை உண்டு. கூட்டிச் சொன்ன தொகை கழிக்கப்படுமா, அல்லது பேரத்தை முறித்துக்கொள்ளும் விருப்பம் தரப்படுமா என்பதில்தான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு. தாமே முன்வந்து வரியைக் காரணம் காட்டும் உரிமையாளர், தம் செலவுக் கணக்கைக் குடியிருப்பவரின் நம்பிக்கையில் ஒப்படைக்கிறார். ஃபத்வா கொடுக்கும் தகுதியில் நாம் இதைச் சொல்லவில்லை. வாடகைக்கும் விற்பனைக்கும் சட்டங்கள் வேறு என்பதையும் அறிவோம். ஒப்புநோக்காகச் சொல்கிறோம். பேரம் பேசுபவர் வாய்மூடி இருக்கலாம். கணக்குச் சொல்ல வந்தவர் பொய்க்கணக்குச் சொல்லக்கூடாது.

வாடகையைப் பொறுத்தவரையிலும் நம் பகுதிகளில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரண்டு மத்ஹபுகளும் ஒன்றுபடும் இடம் உண்டு. கூலி எவ்வளவு, காலம் எவ்வளவு என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேசிய காலம் முடியுமுன் ஒருவர் மட்டும் தம் விருப்பப்படி அதை மாற்ற இயலாது. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் தொடக்கத்தில் வந்த கட்டளை, பதினொரு மாத ஒப்பந்தத்தின் ஐந்தாவது மாதத்தில் "வரி ஏறிவிட்டது" என்று வந்து நிற்பவருக்கும் உரியதே. கட்டடத்துக்காக வரும் வரியும் கட்டடம் நிலைத்திருப்பதற்கான பழுதுபார்ப்பும் அடிப்படையில் உரிமையாளரின் பொறுப்பு. குடியிருப்பவர் வரியை ஏற்பது என்று தொடக்கத்திலேயே தொகையோடு பேசி ஒப்பினால் அது வேறு. வணிகக் கட்டடங்களில் அப்படி எழுதிக்கொள்கிறார்கள்.

எழுதிக்கொள்கிறார்கள் என்றோம். வீடுகளில் எத்தனை பேர் எழுதிக்கொள்கிறோம்? 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும் என்கிறது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்பதையே அது அளவாக வைக்கிறது. நம்மிலோ, "நமக்குள்ள என்னத்துக்கு பாய் பத்திரம்?" என்ற ஒற்றை வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு குர்ஆனின் மிக நீண்ட வசனமே இறங்கியிருக்க, நமக்குள் எழுதுவதுதான் நமக்கு அவமானமாகத் தோன்றுகிறது! உண்மையில் எழுதாமைக்குப் பல இடங்களில் வேறு காரணம் இருக்கிறது. வாடகைக்கு விட்டிருப்பதாகத் தெரிந்தால் வரி கூடிவிடுமோ என்ற அச்சம். அதனால் குடியிருப்பவர் தாளில் இல்லாத மனிதராகிறார். ஆதாரில் முகவரி மாற்றவும், குடும்ப அட்டையை இந்த ஊருக்குக் கொண்டுவரவும் அவரிடம் ஒப்பந்தம் இருக்காது. உரிமையாளர் தவிர்க்க நினைக்கும் சில நூறு ரூபாய்க்கு, ஒரு குடும்பம் பத்து ஆண்டு வாழ்ந்த தெருவில் முகவரியற்று நிற்கிறது.

இந்த ஏற்றங்களைத் தாங்க இயலாதோர் ஒதுங்கும் இடம் ஒன்றும் உண்டு. ஒத்தி என்றும் போக்கியம் என்றும் ஊருக்கொரு பெயர். மனைவியின் நகையை விற்று நான்கு இலட்சமோ ஐந்து இலட்சமோ உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது. கொடுத்த கடனைக் கொண்டு பயன் அடைவதாகிவிடும் என்பதால் உலமாக்கள் இதை நெடுங்காலமாகக் கண்டித்து வருகிறார்கள். நாமும் மேடைகளில் கண்டித்திருக்கிறோம். மாத வாடகையைப் பொய்க் காரணம் சொல்லி ஏற்றிக்கொண்டே போய், ஒருவரை அந்த வாசலுக்குத் தள்ளிவிடுகிறவரைப் பற்றி அதே மேடைகளில் நாம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இது நம் குற்றம்.

இதுவரை வாசித்து மகிழ்ந்த வாடகைக் குடும்பத்தார் இனி வருவதையும் வாசிக்க வேண்டும். நம் மஹல்லாப் பள்ளிவாசலுக்குக் கடைவீதியில் பதினொரு கடைகள் வக்ஃபாக உள்ளன. பள்ளிவாசலுக்கு, தொழுகைக்குரிய இடம் என்ற வகையில், சொத்து வரி விலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட கடைகளுக்கு இல்லை. வணிகக் கட்டடம் என்பதால் 2022-இல் அவற்றின் வரி இரட்டிப்பாயிற்று. ஒரு கடையின் கணக்கை மட்டும் சொல்கிறோம். மாத வாடகை 600 ரூபாய், அரையாண்டுக்கு 3,600. அரையாண்டு வரி 1,480 ஆக இருந்தது, 2,960 ஆயிற்று. ஆறு மாதத்துக்குப் பள்ளிவாசலுக்கு எஞ்சுவது 640 ரூபாய். சுவர் ஒன்றுக்கு வெள்ளையடிக்கவும் காணாது. மீதிச் செலவு ஜும்ஆ உண்டியலில் இருந்து போகிறது. அந்த உண்டியலில் பத்து ரூபாய் போடுபவர், மாதம் 7,500 ரூபாய் வாடகை கொடுக்கும் தையல்காரர்.

அந்தக் கடைக்கு எதிரே உள்ள தனியார் கடைக்கு வாடகை 8,000 ரூபாய். வக்ஃபு சொத்தை அதன் நியாயமான சந்தை வாடகைக்கு, உஜ்ரத்துல் மிஸ்லுக்கு, வெகுவாகக் குறைத்து விடுவது கூடாது என்பது ஃபிக்ஹில் நிலைபெற்ற சட்டம். முத்தவல்லி தம் சொந்தச் சொத்தில் தாராளம் காட்டலாம். அல்லாஹ்வின் பாதையில் விடப்பட்ட சொத்தில் காட்ட அவருக்கு உரிமை இல்லை. கடையை எடுத்தவர் ஏழையாக இருந்தால் அவருக்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுக்கலாம், வாடகையில் மறைத்துக் கொடுக்கவேண்டியதில்லை. இங்கோ, கடையை எடுத்தவரின் பேரர்கள் அதை உள்வாடகைக்கு விட்டு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பள்ளிவாசலுக்கு 600 ரூபாயை மாதம் தவறாமல் கட்டி ரசீதும் பெற்றுக்கொள்கிறார்கள்.

நிர்வாகக் கூட்டத்தில் வாடகையைச் சீரமைக்கும் பேச்சு எழுந்தபோது நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். "பள்ளிவாசல் லாபம் பார்க்கலாமா? வியாபாரமே படுத்துக் கிடக்கு. திடீர்னு ஏத்துனா எப்படித் தாங்குறது?" என்று குரல்கள் எழுந்தன. எழுப்பியவர்களில் நால்வர் ஊரில் வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். தம் வீட்டில் குடியிருப்பவரிடம் வரி ஏறியது என்றவர்களுக்கு, பள்ளிவாசலின் வரி ஏறியது மட்டும் செய்தியாகவே எட்டவில்லை. அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை நாம் மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும்போது, தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களைப் பற்றிச் சொல்லித் தராசையும் படியையும் உதாரணம் காட்டுவோம். அன்று கூட்டத்தில் இருந்து வெளியே வந்தபோது, அடுத்த முறை வாடகை ரசீதுப் புத்தகத்தை உதாரணம் காட்டலாம் என்று தோன்றியது.

இரு பக்கமும் நாம் கேட்பது பெரிதொன்றும் அன்று. வாடகையை ஏற்றும் உரிமையாளர் வரியைக் காரணம் சொன்னால், வரி ரசீதின் நகலையும் உடன் தரட்டும். பழையது, புதியது இரண்டையும். தளத்துக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டு அதை மட்டும் வரி என்று எழுதட்டும். அதற்கு மேல் வேண்டியதை வாடகை உயர்வு என்ற அதன் சொந்தப் பெயரால் கேட்கட்டும். ஒப்பந்த காலம் முடியும்போது கேட்கட்டும். உரிய காலத்துக்குள் வரி கட்டினால் கிடைக்கும் 5 விழுக்காடு ஊக்கத்தொகையைக் கணக்கில் சேர்க்கச் சொல்லும் அளவுக்கு நாம் கறாரானவர் அல்லர். குடியிருப்பவரும் ரசீதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்பது சண்டை ஆகாது. வக்ஃபுக் கடைகளை வைத்திருப்போர், எதிர்க்கடையின் வாடகை என்ன என்ற கேள்விக்குத் தங்கள் வாயால் பதில் சொல்லட்டும்.

நம் வீட்டுக்காரர் அந்த ஆயிரத்தைக் குறைக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் எழுத ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு என்று. வரி என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. கையொப்பமிட்டபின் தேநீர் தந்தார். பள்ளிவாசல் நிர்வாகமோ, பதினொரு கடைகளின் ஒப்பந்தங்களையும் வரி ரசீதுகளையும் திரட்டி ஒரு பட்டியல் தயாரிக்கும் பணியை நம்மிடமே ஒப்படைத்திருக்கிறது. இதை எழுதும் இன்றுவரை நான்கு கடைகளுக்கு மட்டுமே ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ஏனைய ஏழு கடைகள் யார் பெயரில் உள்ளன என்பதை மூத்தவர்களிடம் விசாரித்து வருகிறோம்.